நாற்காலியில் மல்லாந்த தொப்பி

வில்சன், வட கரோலினா
6 பிப்ரவரி 1949

அன்புள்ள ஆல்டன் மாமாவுக்கு,

வெர்லீன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். புகையிலைத் தொழிற்சாலைத் தூசியால் அம்மாவுக்கு இருமல் விடவில்லை, ஆனாலும் ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது? உங்கள் கூட்டாளி டில்லார்ட் ஐயாவின் முதுகுவலி குறைந்ததா?

அம்மா தூங்கியபின் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேனா கிறீச்சிடும் என்பதால் பென்சில். போன ஞாயிறு தேவாலயத்தில் ஒருவர் அம்மாவிடம், "எஸ்டெல், உன் தம்பி இப்ப எந்த ஊர்ல இருக்கான்?" என்று கேட்டார். "எனக்கு ஏது தம்பி?" என்றாள் அம்மா.

உங்கள் கடிதத்தை டேப்ரன் மாமா தன் முடிதிருத்தும் கடையில் பத்திரமாக வைத்திருந்தார். "இந்தா பொண்ணு, உன் காதலன் கடுதாசி. அவனுக்குத் தலை வழுக்கையாயிட்டு வருது, எனக்கு வருமானம் போச்சுன்னு எழுது" என்றார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு செய்தி. நம் கறுப்பின மக்களின் வாரப் பத்திரிகையில் சிறுவர் பக்கம் இருக்கிறதல்லவா? "எங்கள் வீட்டில் எனக்குப் பெருமை தருபவர்" என்று கட்டுரைப் போட்டி வைத்திருக்கிறார்கள். நானும் அனுப்பிவிட்டேன். யாரைப் பற்றி என்று மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள் நலம் அறிய ஏங்கும்,
வெர்லீன்

மெம்ஃபிஸ், டென்னசி
27 பிப்ரவரி 1949

வெர்லீன் கண்ணுக்கு,

மாமாவின் ஆசிகள். நான் நலம். ஹோராஸ் டில்லார்டின் முதுகு இரவில் வலிக்கிறது, பகலில் அவன் வாய் எங்கள் எல்லோருக்கும் வலிக்கிறது. மற்றபடி குறையில்லை. அக்காவின் இருமலுக்கு வெங்காயச் சாறும் தேனும் கொடு. நான் சொன்னதாகச் சொல்லாதே.

அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. உன் அப்பாவுக்கு முதன்முதலில் பில்லியர்ட்ஸ் கோலைக் கையில் கொடுத்தவன் நான்தான். அவர் எங்கேயோ ஒரு மேசையைத் தேடிப் போய்த் திரும்பாமல் இருந்தால் அவள் யாரைக் குற்றம் சொல்வாள்?

கட்டுரை எழுதியது நல்லது. அம்மாவைப் பற்றித்தான் எழுதியிருப்பாய். என்னைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சு விடாதே. மரக்கடைக் கூலி மாதிரி அழுக்குச் சட்டையோடு ஓர் ஊருக்குள் போகிறேன். ஹோராஸ் ஒரு நாள் முந்தியே போய், என்னைத் தெரியாதவன்போல் உட்கார்ந்து பந்தயம் கட்டுவான். மூன்று நாள் வேண்டுமென்றே தோற்பேன். பந்தயப் பணம் ஏறியபின், நாலாம் நாள்தான் உண்மையான விளையாட்டு. ஒரே மூச்சில் நூற்றுப் பதினெட்டுப் பந்துகளைத் தப்பாமல் பையில் போட்டவன் உன் மாமா. ஹோராஸ் என்னைவிடப் பெரிய கை. ஆனால் வெள்ளைக்காரர் போட்டிகளில் எங்களுக்கு வாசல் கிடையாது, எங்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறாது. பெயர் தெரியாமல் இருப்பதுதான் எங்கள் பிழைப்பு. யாராவது என்னைப் புகழ்ந்தால் என் சோற்றில் மண் விழுந்தது என்று அர்த்தம்.

நன்றாகப் படி.

உன் மாமா,
ஆல்டன் பார்ன்ஸ்

வில்சன்
20 மார்ச் 1949

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். அம்மாவின் இருமல் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

கட்டுரை வந்துவிட்டது. ஆமாம், அம்மாவைப் பற்றித்தான். என் பெயர் போடவில்லை. "வில்சன் நகர மாணவி, வயது 13" என்று மட்டும் இருக்கிறது. அந்தப் பத்திரிகையை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். ரயிலில் வேலை செய்யும் நம் ஆட்கள் அந்தப் பத்திரிகையைக் கட்டுக்கட்டாகத் தெற்கே எல்லா ஊர்களுக்கும் கொண்டுபோவதாக ஆசிரியை சொன்னார். உண்மையா? பெரிய ஆண்கள் சிறுவர் பக்கத்தையும் படிப்பார்களா?

சும்மாதான் கேட்டேன்.

வெர்லீன்

டெக்சர்கானா
24 மே 1949

வெர்லீனுக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. உங்கள் நலம் எப்படி என்று கேட்கக்கூட மனம் ஓடவில்லை, மன்னித்துக்கொள். இதை அக்காவிடம் சொல்லாதே.

இங்கே ஒரு பந்துக் கூடத்தில் நான்காம் நாள் ஆடிக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியாகத்தான் போனது. குனிந்து குறி பார்க்கும்போது அந்த ஊர்க்காரன் ஒருவன் வந்து மேசைமேல் கையை வைத்தான்.

"ஆட்டம் நிக்கட்டும்" என்றான்.

"ஏண்ணே, என்ன ஆச்சு?" என்றேன்.

"மரக்கடையில மரம் தூக்குறேன்னு சொன்னியே, எந்த மரக்கடை?" என்றான். பிறகு என் நாற்காலியைக் காட்டிச் சிரித்தான். "தொப்பி தலையில இருந்தா தோக்குறே. மல்லாக்க நாற்காலிக்குப் போனா ஜெயிக்கிறே. மூணு நாளா நாங்க உன் பந்தைப் பார்க்கலடா தம்பி, தொப்பியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தோம்."

திரும்பிப் பார்த்தேன். என் தொப்பி நாற்காலியில் மல்லாந்து கிடந்தது. நான் அப்படிச் செய்கிறேன் என்பது எனக்கே தெரியாது. எப்போது கழற்றினேன் என்பதும் தெரியாது.

இடது கட்டை விரலைக் கோலின் அடிப்பக்கத்தால் இரண்டு இடத்தில் உடைத்தார்கள். கோலைத் தாங்கும் கை அது. கட்டை விரல் இல்லாமல் கோல் நிற்காது.

ஆறு வருடமாக என் எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் ஒருவன்தான். ஹோராஸ் என்னை விற்றுவிட்டான். அன்று இரவே அவன் பையைத் தெருவில் எறிந்துவிட்டேன்.

ஆல்டன்

வில்சன்
31 மே 1949

மாமா,

இந்தக் கடிதத்தை அனுப்பப்போவதில்லை. எழுதிவிட்டு அடுப்பில் போட்டுவிடுவேன். எழுதாவிட்டால் தூக்கத்தில் உளறிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

அது டில்லார்ட் ஐயா இல்லை, நான்.

போன கோடையில் நீங்கள் டேப்ரன் மாமா கடையின் பின்னறையில் ஆடியபோது, வெளியே பெட்டிமேல் ஏறி நின்று ஜன்னல் வழியாக மூன்று நாள் பார்த்தேன். கட்டுரையில் உங்கள் பெயரைப் போடவில்லை. நீங்கள் போகும் ஊர்களைப் போடவில்லை. அதனால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். இதைத்தான் எழுதினேன்: "என் மாமா தோற்கும்போது பழுப்புத் தொப்பியைப் போட்டிருப்பார். ஜெயிக்க முடிவு செய்தால் அதைக் கழற்றி நாற்காலியில் மல்லாக்க வைப்பார். இது அவருக்கே தெரியாது, எனக்கு மட்டும் தெரியும்." அந்தக் கடைசி வரி மிக நன்றாக இருப்பதாக ஆசிரியை சொன்னார்.

நீங்கள் எச்சரித்து எழுதியபோது கட்டுரை அச்சுக்குப் போயிருந்தது. அப்போதே சொல்லியிருந்தால் நீங்கள் தொப்பியே போடாமல் போயிருப்பீர்கள். நான் அம்மாவைப் பற்றி எழுதியதாகப் பொய் சொன்னேன். உங்கள் விரலை உடைத்தது அந்தப் பொய்தான், கட்டுரைகூட இல்லை.

வில்சன்
31 மே 1949

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் படித்து அழுதேன். விரலைத் துணியால் கட்டியே வைத்திருங்கள். சூடாகச் சாப்பிடுங்கள். டில்லார்ட் ஐயா அப்படிச் செய்பவராக எனக்குத் தோன்றவில்லை. அவசரப்பட்டு யாரிடமும் எதுவும் சொல்லிவிடாதீர்கள்.

இங்கே எல்லோரும் நலம்.

வெர்லீன்

கான்சஸ் சிட்டி
14 ஆகஸ்ட் 1949

வெர்லீன் கண்ணு,

நலம்தானே? பள்ளிக்கூடம் எப்போது திறக்கிறது? நான் இங்கே சோடாக் கடையில் பாட்டில் கழுவுகிறேன். விரல் கோணலாகக் கூடிவிட்டது. ஈர பாட்டில் வழுக்குகிறது, முதலாளி திட்டுகிறார், அவ்வளவுதான்.

ஹோராஸ் பற்றி நீ குழந்தைத்தனமாக எழுதியிருந்தாய். எங்கள் உலகம் உனக்குத் தெரியாது. நவம்பரில் இண்டியானாபொலிஸில் நம்மவர்களுக்கென்று ஒரு போட்டி நடக்கிறது. நான்கு வருடத்துக்கு ஒருமுறை. பந்துக் கூடங்களை நடத்தும் நம் ஆட்களே நடத்துகிறார்கள். மேசைக்கு மேலே பெரிய விளக்கு, கழுத்துப்பட்டை கட்டிய நடுவர், பெயர் எழுதிய பலகை எல்லாம் உண்டு. நானும் அவனும் இந்த முறை சேர்ந்து போவதாக இருந்தோம். அவனுக்கு வயது நாற்பத்தெட்டு. அடுத்த முறை அவன் கண் தாங்காது.

அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. கூட்டாளியை விற்றவன் அந்த மேசையைத் தொடக்கூடாது. இதற்கெல்லாம் கோர்ட்டா இருக்கிறது? ஓர் ஆட்டக்காரன் சொன்னால் போதும். நான் எழுதி அனுப்பிவிட்டேன். அவன் பெயரை அடித்துவிட்டார்கள். நவம்பர் 12, சனிக்கிழமை பட்டியலை இறுதி செய்கிறார்கள்.

எனக்கு இல்லாதது அவனுக்கும் இருக்க வேண்டாம்.

ஆல்டன் மாமா

வில்சன்
18 செப்டம்பர் 1949

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம் என்று எழுத வேண்டும். அம்மா நலம்.

ஐந்து வாரமாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். டில்லார்ட் ஐயா உங்களை விற்கவில்லை. நான்தான் எழுதினேன், பத்திரிகையில். கட்டுரை அம்மாவைப் பற்றியது அல்ல, உங்களைப் பற்றியது. தொப்பியைப் பற்றி அதில் எழுதியிருந்தேன். கத்தரித்து இதனுடன் வைத்திருக்கிறேன். படித்துப் பாருங்கள்.

என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அம்மாவிடம் சொன்னாலும் சரி. அவள் என்னை உங்களுக்கு எழுத விடமாட்டாள், டேப்ரன் மாமாவைத் தேவாலயத்தில் வைத்து அவமானப்படுத்துவாள். இவ்வளவு நாள் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அந்தப் பயம்தான் காரணம். ஆனால் இண்டியானாபொலிஸுக்கு மட்டும் உடனே எழுதிவிடுங்கள். இன்னும் எட்டு வாரம் இருக்கிறது.

வெர்லீன்

கான்சஸ் சிட்டி
9 அக்டோபர் 1949

வெர்லீனுக்கு,

கடிதமும் கத்தரித்த துண்டும் கிடைத்தன. நலம்.

துண்டைப் பல முறை படித்தேன். நீ என்னைப் பற்றி எழுதியதுபோல் இதுவரை யாரும் எழுதியதில்லை. அதில் கெட்ட எண்ணம் ஒரு சொல்லில்கூட இல்லை. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை இதோடு விட்டுவிடு.

இண்டியானாபொலிஸுக்கு நான் எழுதப்போவதில்லை. பதினோரு ஊர்களில், நாற்பது பேர் முன்னால், ஹோராஸைத் துரோகி என்று சொல்லிவிட்டேன். இப்போது போய் என்ன சொல்வேன்? பதின்மூன்று வயதுப் பிள்ளை எழுதினாள், நான் விசாரிக்காமல் ஒருவன் பெயரைக் கெடுத்தேன் என்றா? எனக்கு விரல் போய்விட்டது, சொல் ஒன்றுதான் மிச்சம். அதையும் எடுத்துவிடாதே. அவன் எப்படியும் பிழைத்துக்கொள்வான்.

நீ யாருக்கும் எழுத வேண்டாம். எழுதினால் இனி நமக்குள் கடிதம் இல்லை.

ஆல்டன்

வில்சன்
16 அக்டோபர் 1949

மதிப்புக்குரிய டில்லார்ட் ஐயாவுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முகவரி தெரியாததால் போட்டி நடக்கும் கூடத்துக்கே அனுப்புகிறேன். நான் ஆல்டன் பார்ன்ஸின் அக்கா மகள்.

தொப்பியைப் பற்றி வெளியே சொன்னது நான். மார்ச் மாதம் பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் எழுதினேன். நீங்கள் ஒரு தவறும் செய்யவில்லை. மாமாவுக்கு இப்போது இது தெரியும். அவர் எழுதமாட்டார், அதனால் நான் எழுதுகிறேன்.

உங்களுக்குச் செய்ததற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் அதற்கான கடித மாதிரி எதுவும் சொல்லித்தரவில்லை.

கீழ்ப்படிதலுள்ள,
வெர்லீன் பெட்டிஃபோர்ட்

இண்டியானாபொலிஸ்
30 அக்டோபர் 1949

குழந்தை வெர்லீனுக்கு,

ஆண்டவர் அருளால் சௌக்கியம். முதுகைத் தவிர. உன் அம்மாவும் நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

நீதான் எழுதினாய் என்பது எனக்கு மே மாதமே தெரியும். உன் மாமாவுக்கு அடிபட்ட மறுநாள் காலை, டெக்சர்கானாவில் சவரம் செய்யப் போனேன். கண்ணாடியின் ஓரத்தில் அந்தத் துண்டைச் செருகி வைத்திருந்தார்கள். கடைக்காரன் அதைப் படித்துக் காட்டி, "சின்னப் பொண்ணுக்கு இருக்கிற கண்ணைப் பாரேன்" என்று சிரித்தான். வில்சன் என்று இருந்ததைப் பார்த்தேன். கிழித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அதற்குமுன் படித்திருந்தால் ஆல்டனை ஊர் எல்லையிலேயே நிறுத்தியிருப்பேன்.

அவனிடம் போய் நீட்டியிருக்கலாம். போகவில்லை. அவனுக்கு எழுதும் ஆள் உலகத்தில் நீ ஒருத்திதான். ஒரு மாதத்தில் கோபம் ஆறும், அவனே தேடி வருவான் என்று இருந்தேன். கொஞ்சம் வீம்பும் உண்டு. ஆறு வருடம் ஒரே தட்டில் தின்றவன் என்னைக் கேட்காமலே தீர்ப்புச் சொன்னானே.

என்னைப் புண்ணியவான் என்று நினைத்துவிடாதே. அந்தத் தொப்பியை நானும் ஆறு வருடம் பார்த்தேன். அது நாற்காலிக்குப் போனால் நான் பந்தயத்தை ஏற்றுவேன். எனக்கு வசதியாக இருந்தது, அதனால் அவனிடம் சொல்லவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ எழுதுவதற்கு அங்கே ஒன்றும் இருந்திருக்காது.

இப்போது உன் கடிதம் என் கையில் இருக்கிறது. பன்னிரண்டாம் தேதி குழுவினரிடம் காட்டினால் என் பெயரை மறுபடி ஏற்றுவார்கள். எனக்கு அந்த மேசையில் ஒரே ஒரு முறை ஆட வேண்டும், பொய் சொல்லமாட்டேன். ஆனால் சபை முன்னால் வாசிப்பார்கள். உங்கள் ஊர்க்காரர் இரண்டு பேர் வருகிறார்கள், உன் அம்மா காதுக்கு எட்டிவிடும். அவர்கள் வாயால் அவள் கேட்கக்கூடாது. நீயே அவளிடம் சொல்லிவிட்டு, "காட்டுங்கள்" என்று எழுது. அது வராவிட்டால் காட்டமாட்டேன். அப்போதும் உன்மேல் வருத்தம் இருக்காது.

ஹோராஸ் டில்லார்ட்

வில்சன்
4 டிசம்பர் 1949

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவும் நானும் நலம். இது போட்டி முடிந்தபின் உங்களுக்கு எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் கிடைத்தனவா என்று தெரியவில்லை. கிடைத்திருந்தால் நான் என்ன செய்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். கிடைக்காமல் போயிருக்கலாம் என்பதால் மறுபடி எழுதுகிறேன்.

டில்லார்ட் ஐயாவின் கடிதம் வந்தபின் ஐந்து நாள் அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டேன். நவம்பர் பத்தாம் தேதி காலை அவள் வேலைக்குக் கிளம்பித் தலைத்துணி கட்டிக்கொண்டிருந்தபோது, வாசலை மறித்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடிதங்கள், டேப்ரன் மாமா, ஜன்னல், கட்டுரை, உங்கள் விரல், ஹோராஸ் டில்லார்ட் ஐயா என் பதிலுக்குக் காத்திருப்பது. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எந்தக் கை?" என்றாள்.

"என்னம்மா?"

"காது கேக்கலயா? எந்தக் கையிலடி உடைச்சாங்க?"

"இடது கை."

"கோல் தாங்குற கை" என்றாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்கு அதெல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரியாது. "எட்டு வயசுல விளக்குமாத்துக் கட்டையும் எலுமிச்சம்பழமும் வச்சு எங்க சாப்பாட்டு மேசையிலதான் ஆடுவான். நான்தான் பழம் பொறுக்கிக் கொடுப்பேன்." தொழிற்சாலைச் சங்கு ஊதிவிட்டது.

"அந்த ஹோராஸு ஆளு இன்னும் காத்துக்கிட்டா இருக்கான்?"

"ஆமாம்மா. நாளன்னைக்கு வரைக்கும்."

"அப்ப இங்க என்னடி நட்டு வச்ச மாதிரி நிக்கிறே? கடுதாசி போய்ச் சேராது. கோட்டை எடு, தந்தி ஆபீசுக்குப் போவோம்."

அன்றுதான் முதல்முறையாக அவள் வேலைக்குத் தாமதமாகப் போனாள். அரை நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள்.

டில்லார்ட் ஐயாவின் பெயரை ஏற்றினார்கள். இரண்டாவது ஆட்டத்திலேயே ஒன்பது பந்து வித்தியாசத்தில் தோற்றுவிட்டாராம். "விளக்கு ரொம்ப வெளிச்சம், எனக்கு இருட்டுக் கூடம்தான் பழக்கம்" என்று எழுதியிருக்கிறார். பலகையில் அவர் பெயரை வெள்ளை எழுத்தில் எழுதியிருந்ததாகவும், ஆட்டம் முடிந்த பிறகும் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்ததாகவும் எழுதியிருக்கிறார். என் கடிதத்தை வாசித்தபோது நீங்கள் கடைசி வரிசையில் நின்றதைப் பார்த்தாராம். கூப்பிட்டாராம். நீங்கள் வெளியே போய்விட்டீர்களாம்.

தேவாலயத்தில் இப்போது எல்லோருக்கும் தெரியும். டேப்ரன் மாமாவிடம் அம்மா ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. அது அவருக்குத் திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருக்கிறதாம்.

உங்களிடம் மிஞ்சியிருந்த ஒன்றையும் எடுத்துவிட்டேன். வேண்டாம் என்று நீங்கள் கேட்டும் எடுத்தேன். முதலில் தெரியாமல் செய்தேன், இரண்டாம் முறை தெரிந்தே செய்தேன். இரண்டாவதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. முதலாவதற்குக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

எனக்கு எழுத வேண்டாம், மாமா. ஆனால் நான் எழுதுகிறேன் என்று தெரிந்து அம்மா இப்போது என் பின்னால் வந்து நிற்கிறாள். விளக்கைத் தூண்டிவிட்டு, ஒன்று கேட்கச் சொல்கிறாள்: அந்தக் கட்டை விரல் இப்போது எவ்வளவு மடங்குகிறது? அதற்கு மட்டும் அவளுக்குப் பதில் எழுதுங்கள்.

வெர்லீன்